கடதாசிப் பிள்ளைகள்: சான்பிரான்சிஸ்கோ சீனர்களின் எழுத்து குறித்து

புலம்பெயர்ந்த தமிழர்களில் 'கேஸ்' எழுதாதவர் குறைவு. எழுத வராதவர்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எண்பதுகளின் கடைசியில் நானும் சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பட்டது உண்மை. ஆனால் பட்டதைப் பட்டபடி எழுதினால் கந்தோரில் எடுபடாது. அங்கே திகதி வேண்டும், ஊர்ப்பெயர் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது நடந்ததாக ஓர் ஒழுங்கு வேண்டும். ஒருவருக்கு, தான் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட மாதமே நினைவில் இல்லை. மழை பெய்தது, ஷெல் விழுந்தது, ஓடினோம் என்றார். இருவருமாக யோசித்து ஒரு மாதத்தைப் போட்டோம், ஒரு திகதியையும் போட்டோம். அவருக்கு விசா கிடைத்தது. கலியாணமாகிப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். சில வருடங்களுக்கு முன் அவருடைய மகள் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா வீட்டைவிட்டு ஓடிய நாள் என்று ஒரு திகதியைச் சொன்னாள். அது நானும் அவரும் குசினி மேசையில் இருந்து போட்ட திகதி.

அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சீனர்களின் எழுத்துக்களை வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். அதிகாரியின் முன் சொன்ன கதை வீட்டுக் கதையாகி, வீட்டுக் கதை பரம்பரையாகி, பரம்பரையே பின்னர் இலக்கியமாகியதை அவர்களைப்போல் நீண்டகாலம் அனுபவித்தவர்கள் அதிகம் இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அவர்கள் கடதாசியில் ஒருவராகவும் வீட்டில் இன்னொருவராகவும் வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கை அவர்களுடைய எழுத்தை என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

* * *

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து ஆண்கள் கப்பலேறினார்கள். 1852 இல் மட்டும் சுமார் 20,000 சீனர்கள் சான்பிரான்சிஸ்கோத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அந்நகரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் தங்கமலை. பிறகு அவுஸ்திரேலியாவிலும் பொன் கிடைத்தபோது அது புதிய தங்கமலையாயிற்று, இது பழைய தங்கமலையாயிற்று. சீன மொழியில் அந்நகரம் இன்றைக்கும் பழைய தங்கமலைதான். தங்கம் முடிந்தபின் சீனர்கள் சியரா நெவாடா மலைகளைக் குடைந்து ரயில்பாதை போட்டார்கள். 1869 இல் பாதை முடிந்தது. வேலையும் முடிந்தது. நகரத்துக்குத் திரும்பிச் சுருட்டுத் தொழிற்சாலையிலும் சப்பாத்துத் தொழிற்சாலையிலும் சலவைக் கடைகளிலும் வேலை செய்தார்கள்.

எழுபதுகளின் பொருளாதார மந்தத்தில் வெள்ளைத் தொழிலாளரின் கோபம் முதலாளிகள்மீது போவதற்குப் பதிலாகச் சீனர்கள்மீது திரும்பியது. 1877 யூலையில் மூன்று நாட்கள் கலவரம் நடந்தது, சலவைக் கடைகள் எரிந்தன. 'சீனர் போகவேண்டும்' என்று மேடைதோறும் முழங்கிய டெனிஸ் கேர்ணி அயர்லாந்திலிருந்து வந்த ஒருவர். தானே வந்தேறியாக இருந்து மற்ற வந்தேறியைத் துரத்தும் இந்த அரசியல் எமக்கும் புதியதல்ல.

கலவரக்காரர் கல்லெறிந்தார்கள் என்றால் நகரசபை சட்டங்களை எறிந்தது. ஒருவருக்கு 500 கனஅடி காற்று இல்லாத அறையில் தங்குவது குற்றம் என்றது 1870 ஆம் ஆண்டுச் சட்டம். அது சீனர்கள் நெருங்கி வாழ்ந்த அறைகளைக் குறிவைத்தது. சிறையிலடைத்தவர்களின் சடையை வெட்டலாம் என்றது 1876 ஆம் ஆண்டுச் சட்டம். மரக் கட்டிடத்தில் சலவைக் கடை நடத்துவதற்கு அனுமதி வேண்டும் என்றது 1880 ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதி கேட்ட சீனர் ஏறத்தாழ 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாதவர்களுக்கு, ஒருவரைத் தவிர, எல்லோருக்கும் அனுமதி! சீனர்கள் உயர்நீதிமன்றம்வரை போனார்கள். எழுத்தில் சமமாக இருக்கும் சட்டத்தை நிர்வாகத்தில் பாரபட்சமாகப் பிரயோகிப்பதும் குற்றமே என்று 1886 இல் தீர்ப்பு வந்தது. யிக் வோ வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

ஆனால் அதற்கு முன்பே பெரிய கதவு சாத்தப்பட்டுவிட்டது. 1875 ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் சீனப் பெண்களின் வருகையைப் பெருமளவு தடுத்தது. 1882 ஆம் ஆண்டின் விலக்கல் சட்டம் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையும், சீனர் எவரும் குடியுரிமை பெறுவதையும் தடைசெய்தது. வணிகர், மாணவர், ஆசிரியர், இராஜதந்திரிகள், பயணிகள் மட்டும் விதிவிலக்கு. 1888 இல் வந்த சட்டம் ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்பி வரும் உரிமையையும் பறித்தது. அவர்கள் கையில் வைத்திருந்த சுமார் 20,000 மீள்வருகைப் பத்திரங்கள் ஒரே நாளில் வெறும் கடதாசியாயின. சைனாடவுன் மனைவியில்லாத ஆண்களின் ஊராயிற்று. கலியாணம் செய்தும் பிரமச்சாரிகள், பிள்ளைகள் இருந்தும் அநாதைகள்.

ஒரேயொரு சந்து மட்டும் இருந்தது. 1873 இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வொங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் சீனாவுக்குப் போய் 1895 இல் திரும்பியபோது இறங்க விடவில்லை. அவர் வழக்காடினார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கரே என்று 1898 இல் உயர்நீதிமன்றம் சொன்னது. அமெரிக்கப் பிரஜைக்குச் சீனாவில் பிறக்கும் பிள்ளையும் பிரஜைதான். அப்படியானால் தான் இங்கே பிறந்ததாக நிறுவக்கூடிய ஒருவன் தன் மகன்மாரைக் கூப்பிடலாம்.

1906 ஏப்ரல் 18 ஆம் திகதி நிலம் நடுங்கியது. மூன்று நாட்கள் எரிந்த நெருப்பில் சைனாடவுன் சாம்பலானது. நகரசபையின் பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாயின. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் இல்லையென்று காட்ட இனிக் கடதாசி இல்லை. அப்படிப் பிரஜையானவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்தார்கள். சில தடவை பிறந்தான், சில தடவை பிறக்கவில்லை. பிறக்காத மகனுக்குரிய இடத்தை வேறொருவரின் மகனுக்கு விற்றார்கள். வயதுக்கு 100 டொலர் என்பது வழக்கத்திலிருந்த விலை. இருபது வயதுப் பையன் 2,000 டொலர். இப்படி வந்தவர்கள்தான் கடதாசி மகன்கள். பெண்பிள்ளைகள் மிகக் குறைவாகவே வந்தார்கள். எங்களுடைய ஏஜென்சிக்காரர்களை நினைவுபடுத்தும் ஏற்பாடு இது. ஆனால் ஒரு வித்தியாசம். எங்களவர் வேறொருவரின் பாஸ்போட்டில் வந்தாலும் இறங்கியபின் அதைக் கிழித்துப்போட்டுத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். கடதாசி மகன் சாகும்வரை கடதாசிப் பெயரிலேயே இருந்தான். அவனுடைய பிள்ளைகளும் அந்தப் பெயரிலேயே பிறந்தார்கள்.

* * *

இந்த இடத்தில்தான் இலக்கியம் தொடங்குகிறது என்பேன்.

1910 ஜனவரியிலிருந்து 1940 நவம்பர்வரை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவு தடுப்பு முகாமாக இருந்தது. பல நாட்டவரையும், இந்தியர்களையும்கூட, அங்கே மறித்தார்கள். ஆனால் நீண்டகாலம் அடைபட்டவர்கள் சீனர்களே. விசாரணை பல நாட்கள் நடக்கும். உன் வீட்டுக்கு எத்தனை படி? மூன்றாவது வரிசையில் நாலாவது வீட்டில் யார் இருக்கிறார்? அரிசிப் பெட்டி எந்த மூலையில்? கிணறு எந்தப் பக்கம்? இதே கேள்விகளைத் தகப்பனென்று சொன்னவரிடமும் தனியே கேட்டு இரண்டு விடைகளையும் ஒப்பிடுவார்கள். பிழைத்தால் திருப்பியனுப்புவார்கள். சொந்த மகனும் பிழைத்துப்போகலாம். வொங் கிம் ஆர்க்கின் மூத்த மகனே 1910 இல் இப்படி நிராகரிக்கப்பட்டவன்தான். தகப்பனின் பெயரில் சட்டம் இருந்தது, மகன் இறங்க இடமிருக்கவில்லை.

ஆகவே ஒரு கொப்பி எழுதப்பட்டது. கிராமத்தின் படம், வீடுகளின் வரிசை, பாட்டியின் பெயர், இறந்தவர்களின் பட்டியல், கேள்வியும் விடையும். கப்பலில் பாடமாக்கி, கரை தெரியுமுன் கடலில் எறிந்துவிடவேண்டும். பல்லாயிரம் பேர் ஒரு புனைகதையைப் பாடமாக்கிப் பிரதியை அழித்தார்கள். உலக இலக்கிய வரலாற்றில் இதற்கு இடமில்லை. ஆனால் பாத்திரம், ஊர், உறவு, காலம் என்று நாவலுக்குரிய எல்லாம் அதில் இருந்தன. அதை எழுதுவித்தது குடிவரவுத் திணைக்களம். தவறினால் தண்டனை நாடுகடத்தல். எந்த விமர்சகரும் இவ்வளவு கடுமையாக எந்தப் பிரதியையும் வாசித்ததில்லை.

பகலில் இந்தப் புனைவைச் சொன்னவர்கள் இரவில் தடுப்புமுகாமின் மரச்சுவர்களில் வேறொன்றை எழுதினார்கள். முதலில் தூரிகையால், பின் கத்தியால் செதுக்கி. மரபான சீன யாப்பில், பெரும்பாலும் பெயர் போடாமல். தனிமை, அவமானம், ஏமாற்றம், ஒருநாள் பழிவாங்குவோம் என்ற ஆத்திரம். நிர்வாகம் இவற்றைச் சுவர்க் கிறுக்கலென்று கருதி மேலே பூச்சுப் பூசியது. 1930 களின் தொடக்கத்தில் அடைபட்டிருந்த இருவர் கவிதைகளைக் கொப்பிகளில் பிரதிபண்ணிக்கொண்டு வெளியே வந்தார்கள். 1940 இல் நிர்வாகக் கட்டிடம் எரிந்தது. பெண்களை வைத்திருந்தது அங்கேதான். அவர்கள் எழுதியவை அதோடு போயின. 1970 இல், இடிக்கப்படவிருந்த கட்டிடத்தின் சுவர்களில் ஒரு பூங்காக் காவலர் எழுத்துக்களைக் கண்டார். சைனாடவுன் மக்கள் போராடியதால் கட்டிடம் பிழைத்தது. ஹிம் மார்க் லாய், ஜெனி லிம், ஜூடி யுங் மூவரும் சேர்ந்து 1980 இல் 'ஐலண்ட்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள்.

இத்தொகுப்பை எமது நண்பர்கள் அகதிகளின் எதிர்ப்பிலக்கியம் என்று கொண்டாடுவது வழக்கம். நியாயம்தான். ஆனால் அதைத் தனியே வாசிப்பது பாதி வாசிப்பு. கடலில் எறிந்த கொப்பியையும் சுவரில் செதுக்கிய கவிதையையும் ஒரே கைதான் எழுதியது. ஒன்றில் பெயரும் ஊரும் உறவும் துல்லியமாக இருக்கின்றன, மனம் இல்லை. மற்றதில் மனம் இருக்கிறது, பெயர் இல்லை. பெயரும் மனமும் ஒரே பிரதியில் சேர்வதற்கு அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்குமேல் தேவைப்பட்டது.

* * *

இதை முதலில் தொட்டவர் கடதாசி மகனல்ல. சுய் சின் ஃபார் என்ற பெயரில் எழுதிய ஈடித் ஈட்டன் 1865 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பன் ஆங்கிலேயர், தாய் சீனர். சான்பிரான்சிஸ்கோவிலும் சியாட்டலிலும் வாழ்ந்தவர். வெள்ளைக்காரியென்று சொல்லிப் பிழைத்திருக்கலாம். சொல்லவில்லை. 1909 இல் வந்த அவரது 'சுதந்திர நாட்டில்' என்ற சிறுகதையில், சான்பிரான்சிஸ்கோ வணிகர் ஒருவரின் மனைவி சீனாவில் பெற்ற பிள்ளையோடு வந்து இறங்குகிறாள். பிள்ளைக்குக் கடதாசி இல்லை. அதிகாரிகள் பிள்ளையை வாங்கிப் பாதிரிமார் இல்லத்தில் விடுகிறார்கள். வக்கீலுக்குக் காசு போதாதென்று அவள் நகையைக் கழற்றிக் கொடுக்கிறாள். பத்து மாதம் கழித்துக் கடதாசி வருகிறது. பிள்ளை தாயைக் கண்டு ஒதுங்கி, இல்லத்துப் பெண்ணின் பாவாடைக்குள் ஒளிகிறது.

கதையில் மிகையுணர்ச்சி உண்டு. அக்காலப் பத்திரிகை வாசகியின் கண்ணீரை நம்பி எழுதப்பட்டது. ஆனால் ஒன்றை அவர் சரியாகப் பிடித்தார். கடதாசி கடைசியில் கிடைத்துவிடுகிறது, இழப்பு அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அகதிக் கதைகளை 'விசா கிடைத்தது' என்ற வரியோடு முடிக்கும் எம்மவர்கள் இக்கதையை வாசிக்கவேண்டும்.

அடுத்து வந்தது நல்ல பிள்ளையின் எழுத்து. சைனாடவுனில் பிறந்த ஜேட் ஸ்னோ வொங் 1950 இல் 'ஐந்தாவது சீன மகள்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். கண்டிப்பான தகப்பன், தையல் வேலை, சோறு சமைக்கும் முறை, படிப்பால் முன்னேறும் மகள். புத்தகம் நன்றாக விற்றது. 1953 இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் அவரை ஆசிய நாடுகளுக்குப் பேச அனுப்பியது. அமெரிக்காவில் சீனருக்கும் இடமுண்டு என்பதற்கு அவர் சாட்சி. அவரைக் குறைசொல்வது சுலபம், பலர் சொன்னார்கள். ஆனால் அவர் எழுதிய காலத்தைப் பார்க்கவேண்டும். விலக்கல் சட்டம் 1943 இல் நீக்கப்பட்டபோது சீனருக்குக் கிடைத்த ஒதுக்கீடு வருடத்துக்கு 105 பேர். 1949 இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் வந்தபின் சைனாடவுன் முழுவதுமே சந்தேகத்துக்குரிய இடமாயிற்று. அப்படிப்பட்ட வேளையில் ஒரு சமூகம் வெளியாருக்குக் காட்டக்கூடியது சமையலறையைத்தான். பெட்டியைத் திறந்து காட்ட முடியாது.

* * *

பெட்டியை அரசே திறக்கச் சொன்னது. 1956 இல் தொடங்கிய ஒப்புதல் திட்டத்தின்படி, தான் பொய்க் கடதாசியில் வந்ததாக ஒப்புக்கொள்பவருக்குச் சட்டபூர்வமாக இருக்க வழி கிடைக்கலாம். ஆனால் அவர் தன் கடதாசிக் குடும்பம் முழுவதையும் சொல்லவேண்டும். ஒருவர் வாய் திறந்தால் கடதாசி அண்ணன், கடதாசிச் சித்தப்பா எல்லோரும் அகப்படுவர். இடதுசாரிகளை நாடுகடத்தவும் இத்திட்டம் பயன்பட்டது. 1960 களின் நடுப்பகுதிவரை பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். சொல்லாதிருப்பதும் ஆபத்து, சொல்வதும் துரோகம். இந்த நெருக்கடிக்குள் வளர்ந்த பிள்ளைகளே எழுபதுகளில் எழுத வந்தார்கள்.

அவர்களுக்கிடையே நடந்த சண்டை பிரசித்தமானது. மக்சீன் ஹொங் கிங்ஸ்ரன் 1976 இல் 'பெண் போராளி' என்ற நூலை வெளியிட்டார். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஸ்டொக்ரன் நகரத்து லோன்றிக்காரரின் மகள். கிணற்றில் குதித்து இறந்த ஓர் அத்தையைப் பற்றி, யாருக்கும் சொல்லாதே என்ற கட்டளையோடு தாய் சொன்ன கதையை அவர் ஊருக்கே சொல்கிறார். தன்வரலாறு என்றுதான் பதிப்பகம் வெளியிட்டது, புனைவல்லாத நூலுக்கான விருதும் கிடைத்தது. ஆனால் அதில் பழங்கதையும் கற்பனையும் கலந்திருந்தன. முலான் என்ற வீராங்கனையின் முதுகில் எழுத்துக்களைப் பச்சைகுத்தினார். சீன மரபில் அது யுவே ஃபெய் என்ற தளபதிக்குரியது. நாடகாசிரியர் பிராங்க் சின் கொதித்தெழுந்தார். இது போலி என்றார். வெள்ளை வாசகருக்குப் பிடித்தமாதிரிச் சீன ஆண்களைக் கொடியவர்களாகவும் சீனப் பண்பாட்டைக் கேவலமாகவும் காட்டும் எழுத்து என்றார். 1991 இல் எழுதிய நீண்ட கட்டுரையில் ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களை மெய்யானவர், போலியானவர் என்று இரண்டாகவே பிரித்தார்.

சின்னின் கோபத்தை நான் தள்ளிவிடமாட்டேன். வெள்ளைப் பதிப்பகம் எந்தக் கதையை வாங்கும், எதை வாங்காது என்ற கேள்வி அவர் கேட்டதுதான். எம்மிடையே தன்வரலாறுகள் அந்நிய மொழிகளில் விலைபோகும் வேளையில் அது எமக்கும் உரிய கேள்வி. ஆனால் மெய், போலி என்ற பிரிப்பு அந்தச் சமூகத்துக்குப் பொருந்துமா? தெருவில் எதிரே வருபவரின் குடும்பப் பெயரே விலைக்கு வாங்கியதாயிருக்கும்போது, கலப்படமற்ற மூலத்தை எழுத்தாளரிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்? போலியை உற்பத்தி செய்தது கிங்ஸ்ரன் அல்ல, 1882 ஆம் ஆண்டுச் சட்டம்.

கிங்ஸ்ரனின் சிறந்த பதில் 1980 இல் வந்த 'சைனா மென்'. தகப்பன் அமெரிக்காவுக்கு எப்படி வந்தார்? ஒரு பக்கத்தில் பெட்டிக்குள் ஒளிந்து கப்பலில் நியூயோர்க் வருகிறார். இன்னொரு பக்கத்தில் ஏஞ்சல் தீவில் விசாரிக்கப்பட்டு முறையாக இறங்குகிறார். எது உண்மையென்று மகள் சொல்வதில்லை. இதைப் பின்நவீனத்துவ உத்தியென்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையை எழுதினால் தகப்பனைப் பிடித்துக்கொடுத்ததாகும் என்று அஞ்சி வளர்ந்த பிள்ளை, வேறு எப்படி எழுதமுடியும்? நூலின் நடுவே சீனருக்கு எதிரான சட்டங்களை ஆண்டுவரிசையில் வைத்திருக்கிறார். அந்தப் பகுதியில் கற்பனையே இல்லை. தகப்பனின் கதை நிச்சயமற்றது, சட்டங்கள் மட்டுமே நிச்சயமானவை. நூலின் அமைப்பே இதைச் சொல்கிறது.

* * *

எனினும் இந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்த நூல் ஃபே மயென் இங் எழுதி 1993 இல் வெளியான 'போன்' என்ற நாவல். 1956 இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பத்து வருடம் எடுத்து எழுதியது, இருநூறு பக்கத்துக்குக் கிட்டத்தான் வரும்.

கதை சைனாடவுனின் சல்மன் சந்தில் நடக்கிறது. தாய் தையற்கூடத்தில் தைக்கிறாள். லியோன் கப்பல் வேலைக்காரர், கடதாசி மகன். மூன்று பெண்பிள்ளைகளில் மூத்தவள் லைலா, லியோனின் பெறாமகள். நடுவிலாள் ஓனா மாடியிலிருந்து குதித்து இறந்துவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கதை பின்னோக்கிப் போகிறது. லியோனுக்கு ஒரு காரணம் தெரியும். அவரைக் கடதாசியில் மகனாக்கிய லியொங் தாத்தாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இறந்தபின் எலும்பைச் சீனாவுக்கு அனுப்பிவைப்பேன் என்று. அக்காலச் சீனர்களின் வழமை அது. அவர் அனுப்பவில்லை. அதுதான் மகளைக் கொண்டுபோயிற்று என்று நம்புகிறார். எலும்பைத் தேடிப் போனால் கல்லறை இல்லை. மற்ற லியொங்குகளின் எலும்புகளோடு கலந்து எங்கோ புதைத்துவிட்டார்கள்.

வாங்கிய தகப்பனுக்கு வாங்கிய மகன் கொடுத்த வாக்கு! சட்டத்தின் கண்ணில் அந்த உறவு மோசடி. லியோனுக்கு அதுவே வாழ்க்கையின் மிகப் பெரிய கடமை. பொய்யாகத் தொடங்கிய உறவு நாற்பது வருடத்தில் மெய்யாகிவிட்டது. சின்னின் பிரிப்பு இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

நாவலின் உயிரான பகுதி ஒரு சூட்கேஸ். ஓய்வூதியத்துக்காக லியோனின் பிறந்த திகதியை நிறுவவேண்டும். அவருக்கோ பல பெயர்கள், பல திகதிகள். லைலா அவருடைய பழைய சூட்கேசைத் திறந்து தேடுகிறாள். வேலை தரமுடியாது, வீடு தரமுடியாது, படையில் சேர்க்கமுடியாது என்று வந்த கடிதங்களையெல்லாம் அவர் எறியாமல் வைத்திருக்கிறார். கடதாசியால் வந்தவருக்கு எந்தக் கடதாசியையும் எறியப் பயம். அவமானத்தையும் கோவைப்படுத்தி வைத்திருக்கிறார். லைலாவின் தொழிலும் பொருத்தமானது. பாடசாலைக்கும் சீனப் பெற்றோருக்குமிடையே மொழிபெயர்ப்பவள். எட்டு வயதில் வைத்தியரிடமும் வங்கியிலும் தாய்க்காகக் கதைத்த எங்கள் பிள்ளைகளை அவளில் காணலாம்.

நாவலில் குறைகளும் உண்டு. தங்கை நீனா பாதி வரைந்த பாத்திரமாகவே நிற்கிறாள். லியோனைப் பங்காளியாகச் சேர்த்து ஏமாற்றும் லோன்றி முதலாளி வில்லனாக மட்டும் வருகிறார். ஓனாவின் குரலையே நாம் கேட்பதில்லை. முதல் வாசிப்பில் அதை ஆசிரியரின் பலவீனமென்று எண்ணினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் ஏதோவொன்றை மறைத்துப் பழகியவர்கள். பேசாதிருப்பதே பாதுகாப்பு என்று பெற்றோர் கற்றுக்கொண்டதை ஒரு பிள்ளை அளவுக்குமீறிக் கற்றுக்கொண்டுவிட்டாள். நாவல் இதை விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் அதுவும் ஒரு 'கேஸ்' ஆகியிருக்கும்.

முப்பது வருடம் கழித்து, 2023 இல், இங் தன் குடும்பத்தைப் பற்றிய நினைவுநூலை 'ஓர்பன் பச்சலர்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். அநாதைப் பிரமச்சாரிகள் என்று பொருள். அவருடைய சொந்தத் தகப்பனே கடதாசி மகன். ஒப்புதல் திட்டத்தில் ஒப்புக்கொண்டவர். நாவலில் வேறு பெயரில் சொன்னதை இங்கே சொந்தப் பெயரில் சொல்கிறார். கொப்பியில் இருந்த பெயரும் சுவரில் இருந்த மனமும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

* * *

அமெரிக்க செனட் 2011 இலும் பிரதிநிதிகள் சபை 2012 இலும் விலக்கல் சட்டத்துக்காக வருத்தம் தெரிவித்தன. 2022 இல் சான்பிரான்சிஸ்கோ நகரமும் மன்னிப்புக் கேட்டது. 2025 ஜனவரியில் பிறப்பால் வரும் குடியுரிமையை மட்டுப்படுத்தும் ஆணையொன்று வெள்ளை மாளிகையிலிருந்து வந்தபோது, வொங் கிம் ஆர்க்கின் பெயர் மீண்டும் நீதிமன்றங்களில் ஒலித்தது. மன்னிப்புகள் சட்டங்களைத் தடுப்பதில்லை. அரசுகளின் மன்னிப்பைவிட லியோனின் சூட்கேஸ் எனக்கு முக்கியமாகப்படுவது அதனால்தான்.

எங்களுடைய நிலை அவர்களுடையதைப் போன்றது என்று சொல்லவரவில்லை. நாங்கள் வந்தது யுத்தத்திலிருந்து, அவர்கள் வந்தது வறுமையிலிருந்து. எங்களுக்கு மறுவாழ்வுச் சட்டமாவது இருந்தது, அவர்களுக்கு எதிராகவே சட்டம் இருந்தது. ஆனால் அதிகாரியின் கேள்விக்கு ஏற்ப உயிரை வரிசைப்படுத்திச் சொன்ன அனுபவம் இருவருக்கும் பொது. சீனர்கள் அதைப் பிள்ளைகளிடம் மறைத்தார்கள், மறைக்க நியாயமான காரணம் இருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை மூன்று தலைமுறை மௌனம். எங்களில் பலருக்கு அந்தக் காரணம் இல்லாமற்போய்ப் பல வருடங்கள். கையில் பிரஜாவுரிமை இருக்கிறது. ஆனாலும் எங்கள் புலம்பெயர் இலக்கியத்தில் போர் இருக்கிறது, பனி இருக்கிறது, கோப்பை கழுவிய கதை இருக்கிறது. அந்தக் கேஸ் எழுதிய இரவு மட்டும் அநேகமாக இல்லை.

ஒருவேளை அதை எழுதுவதற்கு இன்னொரு ஃபே மயென் இங் பிறந்து வளரவேண்டியிருக்கலாம். ஒருவேளை அந்த நண்பரின் மகளே எழுதலாம். அதற்குமுன் நான் அவளிடம் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அவளுடைய அப்பா ஓடியது உண்மை. ஷெல் விழுந்ததும் உண்மை. அந்தத் திகதி மட்டும் என்னுடையது. நண்பரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.